பந்தியில் விடுபட்டவர்கள்



இன்றைய முதல் வாசகத்தில் நாம் கேட்டது ஒரு சாப்பாட்டுத் தகராறு. எருசலேமில் திருச்சபை வளரத் தொடங்கிய காலம். எல்லாரும் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்த அந்தச் சபையிலேயே, கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்கு அன்றாடப் பந்தியில் சரியான பங்கு கிடைக்கவில்லை. அந்த மொழி பேசியவர்கள் முணுமுணுத்தார்கள். திருச்சபைக்கு இது பெருமை தரும் செய்தியல்ல. ஆனாலும் லூக்கா இதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

திருத்தூதர்கள் அந்த முணுமுணுப்பை அடக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவுமில்லை. சபை முழுவதையும் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெயர்களைக் கவனியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே பந்தி விசாரிப்பு ஒப்படைக்கப்பட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். நாம் முதல் மறைசாட்சி என்று வணங்கும் ஸ்தேவான், அதற்கு முன்னால் பந்தி விசாரித்தவர்.

நம் ஊர் தைப்பிங்கிலா பசி என்று யாராவது கேட்கலாம். பக்கத்திலேயே கிரியான் வயல்கள் இருக்கின்றன. அங்கே 1906-லேயே பெரிய நீர்ப்பாசனத் திட்டம் முடிந்தது. நம் ஊர்ச் சந்தையில் அரிசி கிடைக்கிறது. பசி இங்கே வேறு உருவத்தில் இருக்கிறது. பால்மரத் தோட்டத்தை விட்டு வெளியேறி பிளாட் வீட்டில் தனியாக இருக்கும் முதியவரிடம் அது இருக்கிறது. வெறும் சோற்றில் கிச்சாப் ஊற்றிச் சாப்பிட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் நூற்றுக்கு 21.8 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். இது வயிறு நிறைந்தும் உடல் தேறாத பசி. இந்தப் பிள்ளைகள் கையேந்தி நிற்பதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதுமில்லை.

அரசின் பட்டியலும் சிலரைப் பார்க்காமல் போகும். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று நம் நாட்டில் வறுமைக்கோடு இருந்தது. 2020-இல் அதைத் திருத்தி 2,208 வெள்ளி ஆக்கினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூட ஏழை இல்லை என்றிருந்த கணக்கு அன்றே 5.6 விழுக்காடாக மாறியது. அந்தக் குடும்பங்கள் ஒரே நாளில் ஏழைகளாகிவிடவில்லை. அவர்கள் முன்பும் அங்கேதான் இருந்தார்கள், யாரும் எண்ணவில்லை. 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் அத்தியாவசியப் பொருள் வாங்க மைகார்டு வழியாக 100 வெள்ளி சாரா உதவி கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்து, பால் வெட்டி முதுகு வளைந்து, குடியுரிமை இல்லாமல் இன்றும் சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் நம் பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. அன்றைய கிரேக்கக் கைம்பெண் இவர்தான்.

2021-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் மாதம் கொரோனாவால் நாடு முழுவதும் முடக்கம். வேலை இல்லாமல், கடன் கேட்கவும் வழியில்லாமல் இருந்தவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அரிசியோடும் முட்டையோடும் வந்தவர்கள் கொடி கட்டியவரின் இனத்தையோ மதத்தையோ கேட்கவில்லை. எந்த வீட்டில் கொடி, எங்கே உணவு வங்கி என்று இளைஞர்கள் இணையத்தில் வரைபடம் போட்டார்கள். அந்த நாள்களில் நம் மக்களிடம் வெளிப்பட்டதை நான் தூய ஆவியின் செயல் என்றே சொல்வேன். முடக்கம் முடிந்ததும் கொடிகளை அவிழ்த்தோம். கூடியிருந்த கைகளும் பிரிந்துபோயின. அது எனக்குப் பெரிய வருத்தம்.

பிரியாமல் நின்ற கைகள் என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் சான்று உண்டு. 2001-இல் ராஜஸ்தானில் வறட்சி. அரசுக் கிடங்குகளில் தானியம் மக்கிக்கொண்டிருக்க, மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. அதைச் சுற்றிப் பல அமைப்புகள் உணவு உரிமை இயக்கமாகச் சேர்ந்தன. அவர்கள் சோறு பொங்கிப் போட்டதைவிட, கேள்வி கேட்டதுதான் அதிகம். அந்த ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி, அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு கொடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. காமராசர் 1956-இலேயே தமிழகத்தில் தொடங்கிவைத்ததை, வேறு பல மாநிலத்துப் பிள்ளைகளும் அப்படித்தான் பெற்றார்கள்.

நம் தைப்பிங்கில் கோயில்களில் அன்னதானம் உண்டு, குருத்வாராவில் லங்கர் உண்டு, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி உண்டு, நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியாக நடப்பதால் ஒரே வீட்டுக்கு மூன்று பொட்டலம் போகிறது, அடுத்த தெருவுக்கு ஒன்றும் போவதில்லை. நல்ல நிலையில் உள்ள உணவை நல்லெண்ணத்தோடு தானம் செய்கிறவரைப் பாதுகாக்க 2020-இல் சட்டமே வந்துவிட்டது. வழக்கு வருமோ என்று ரொட்டிக் கடைக்காரர் மிச்சத்தைக் குப்பையில் கொட்டவேண்டியதில்லை. இதை அவரிடம் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். வாங்குகிறவருக்கும் மானம் உண்டு.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். கமுந்திங், சிம்பாங், ஆவ்லோங், போக்கோ அசாம், எங்கிருந்து வந்திருந்தாலும் சரி, இந்த வாரம் உங்கள் பி.இ.சி. என்னும் அன்பியக் குழுவில் கூடி, உங்கள் தாமானில் விடுபட்ட வீடுகளைக் குறியுங்கள். கிறிஸ்தவர் வீடு மட்டும் என்று பார்க்காதீர்கள். பக்கத்துக் கோயில் நிர்வாகத்தையும் சூராவ் பொறுப்பாளரையும் நேரில் போய்ப் பாருங்கள், ஒரே பட்டியலாகச் சேர்த்து எழுதுங்கள். சமூகநல இலாகா பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள் திருப்பலி முடிந்ததும் வின்சென்ட் சபையிடம் பெயர் கொடுங்கள். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் முதியவர் உங்களுக்குத் தெரிந்தால், அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.