மலிவு டிக்கெட்டும் ஏழாம் கட்டளையும்



பிறர் பொருளைத் தொடலாகாதென்று ஏழாம் கட்டளை விலக்குவதை ஞானோபதேசம் படித்த சிறு பிள்ளையும் சொல்லும். அயலான் பெட்டியில் கை வைப்பது மாத்திரமல்ல, வாங்கின பொருளுக்கு முழு விலை கொடாமல் மீதியை இன்னொருவன் தலையில் சுமத்துவதும் அந்தக் கட்டளைக்கு உட்பட்டதே. இந்த நியாயத்தைக் கொண்டு, நம்மில் அநேகர் வீட்டில் சாதாரணமாய்விட்ட ஒரு காரியத்தை இந்த வாரம் சோதித்துப் பார்ப்போம். அது மலிவுக் கட்டண விமானப் பிரயாணம்.

2003-ம் ஆண்டில் ஏர் டெக்கான் கம்பெனி நமது தேசத்தில் இதை ஆரம்பித்தது. ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் உண்டென்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்தக் கம்பெனி இன்றில்லை. அது காட்டிய வழி நிலைத்துவிட்டது. 2024-ல் இந்தியாவுக்குள்ளே மாத்திரம் 16 கோடிக்கு மேற்பட்ட விமானப் பிரயாணங்கள் நடந்தன. செல்வந்தனுக்கு மாத்திரம் என்றிருந்த ஆகாயம் குமாஸ்தாவுக்கும் திறந்ததே என்று சந்தோஷப்படுவதில் தப்பில்லை.

ஆனால் நாம் கொடுத்தது முழு விலையா? விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால், அதிலுள்ள கரி காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட கரியமிலவாயுவாகிறது. அது நூற்றாண்டுக் கணக்கில் ஆகாயத்தில் தங்கிப் பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வைபோல் மூடுகிறது. அன்றியும், உயரத்தில் பறக்கும் விமானத்துக்குப் பின்னே வெள்ளைக் கோடு இழுத்தாற்போல் தெரிகிறதே, அது புகைத்தூளின்மேல் உறைந்த நீராவி. குளிர்ந்து ஈரமாயிருக்கும் காற்றில் அது கலையாமல் மெல்லிய மேகமாய் விரிந்து, அதுவும் சூட்டைப் பிடித்து வைக்கிறது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறார்கள், தட்டட்டும்.

உலகத்தார் வெளியிடும் கரியமிலவாயுவில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். இது அற்பம் என்பீர்களோ? 2018-ல் உலக ஜனங்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினர்தான் விமானம் ஏறினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறாத ஒன்பது பங்கினருக்கும் சூடு பொதுவாயிருக்கிறது. கடல் சூடேறினால் புயலுக்குப் பலம் கூடுகிறது. 2017 நவம்பர் கடைசியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கரையிலிருந்து போய்த் திரும்பாத மீனவர்களை நினைத்துக் கொள்ளுங்கள். அந்தப் புயலை ஒரு விமானத்தின்மேல் பழிபோட நான் வரவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். கடலைச் சூடாக்குகிறவர்கள் ஒருவர், அந்தக் கடலில் வலைவீசப் போகிறவர்கள் வேறொருவர் என்பதே என் பேச்சு. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய நிருபத்திலும், சிருஷ்டிக்குச் செய்யும் கேடு ஏழைகள்மேலேயே முதலில் விழுகிறதென்று கண்டித்திருக்கிறார்.

"மலிவு விமானத்தில் நெருக்கி உட்காருகிறோமே, ஆளுக்குக் குறைவாகத்தானே எரியும்?" என்று கேட்பவர்களுண்டு. உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலிவாயிருப்பதாலேயே, போக வேண்டாத பிரயாணமெல்லாம் போகப்படுகிறது. ஆளுக்கு மிச்சமானது, ஆட்கள் பெருகியதில் கரைந்துவிடுகிறது. "நான் ஏறாவிட்டாலும் விமானம் போகத்தானே போகிறது, சுவாமி?" என்பார்கள் வேறு சிலர். இன்று போகும். இடம் நிரம்பாமலே பல மாதம் பறக்க எந்தக் கம்பெனியும் தர்மச் சத்திரம் நடத்தவில்லை.

எல்லாப் பிரயாணத்தையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. தாயார் மரணப் படுக்கையில் இருக்கையில் மகன் ஓடி வருவதும், வளைகுடா நாட்டில் உழைக்கிறவன் இரண்டு வருஷத்துக்கொருமுறை பெண்சாதி பிள்ளைகளைப் பார்க்க வருவதும் குற்றமல்ல. வேறு வழியும் அவர்களுக்கில்லை. மருத்துவத்துக்குப் போகிறவர்களும் அப்படியே. ஆனால் இரவு ரயிலில் படுத்தால் காலையில் சேரக்கூடிய ஊருக்கு, சலுகை அறிவிப்பு வந்ததென்ற ஒரே காரணத்தால், காரியமில்லாமல் போய் வருவது? ஒரே தூரத்துக்கு ரயிலில் ஆளொன்றுக்கு ஆகும் கேடு விமானத்தைவிட மிகக் குறைவு. செல்போனில் டிக்கெட் பொத்தானை அழுத்துமுன் மனச்சாட்சியை ஒரு வார்த்தை கேட்க வேண்டிய இடம் இதுவே.

யாத்திரைக்கும் விலக்கில்லை. அர்ச். சவேரியார் 1541-ல் லிஸ்பனில் கப்பலேறி, கோவா வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. பிறகு முத்துக்குளித்துறையில் ஊர் ஊராய் நடந்தார். நம் வாலிபர்களும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறார்கள். அவருடைய திருநாளாகிய டிசம்பர் 3-ந் தேதிக்குக் கோவா போக எண்ணியிருக்கும் குடும்பங்கள், விமானமா ரயிலா என்று இந்த வாரம் வீட்டில் ஜெபமாலைக்குப் பின் பேசி முடிவு செய்யுங்கள். முதியோரும் நோயாளிகளும் விமானத்தில் வரட்டும், அவர்களைக் குறித்து யாரும் முணுமுணுக்க வேண்டாம். ரயிலில் வர இசைகிறவர்கள் சீக்கிரமே பெயர் கொடுக்க வேண்டும். முன்பதிவு 60 நாளைக்கு முன்தான் திறக்கிறது, திறந்த அன்றே இடம் தீர்ந்துபோகிறது.