புண்ணை ஆற்றுவது யார்?

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் வெறுங்காலோடு பால் வெட்டச் சென்ற நம் முன்னோர் பாதங்களில் முள்ளும் கல்லும் செய்த புண்கள் எத்தனையோ! அவற்றுள் பெரும்பாலானவற்றை ஆற்றியது உடலேயாகும். குருதி உறைந்து காயத்தின் வாயை அடைக்கும். வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்கும். புதுத்தசை வளர, மேலே தோல் மூடும். அங்ஙனமாயின் மருத்துவம் எதற்கு?

1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தெளிவுறக் காட்டியது இதுவே: தொழுநோயாளரின் பாதங்கள் தாமாக அழுகுவதில்லை. நோவு உணராமையால் புண்பட்ட காலையே அவர்கள் மீண்டும் மீண்டும் ஊன்றி நடந்தனர். மாவுக்கட்டிட்டு ஓய்வு தந்தபோது ஆறாப் புண்ணும் ஆறிற்று. நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். அழுக்கை அகற்றுதல், கிருமியை ஒடுக்குதல், ஓய்வளித்தல் என, உடலின் பணிக்கு நேரும் தடையை நீக்குவதே மருத்துவம்.

ஆனால், நோவை உணர்ந்தும் நடந்தவர் நம் தோட்டத்து அன்னையர். ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போகும் என்பதால் நடந்தனர். அவர்தம் புண் ஆறாமைக்கு உடலையோ மருந்தையோ குறை கூறல் தகுமா? இன்று நம் நாட்டு வேலைச் சட்டம், பணிக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை ஊதியத்துடன் மருத்துவ விடுப்பு வழங்குகிறது. அதுவும் ஒரு மருந்தன்றோ? ஆற்றுவது உடல், ஆறவிடுவது அறம். எண்ணிப் பார்ப்போமாக.