கடைசி வீட்டு லைட்டு

பாளையங்கோட்டை நண்பர் ஒருவர், பழைய மாருதி வேனில் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மோட்டாரும் பேட்டரியும் தானே மாட்டி ஓட்டுகிறார். பேட்டரி 10 யூனிட் பிடிக்கும். ஒன்றரை கிலோவாட் சார்ஜரில் நிரம்ப ஏழெட்டு மணி நேரம். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ராத்திரி திடீரென்று கிளம்ப நேர்ந்தால்? 6 கிலோவாட் சார்ஜர் வாங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் போதும்.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தயங்கினார். "அண்ணாச்சி, இது 26 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக் தாங்காது. தனி வயர் இழுத்துரலாம். ஆனா, சாயங்காலம் இதைப் போட்டா, இதே பேஸ்ல இருக்க கடைசி வீட்டு லைட்டு மங்கிரும். அங்க ஒரு அக்கா மோட்டார் தையல் மிஷின் ஓட்டுதாவ."

"நான் துட்டு கட்டுதேம்லா?"

நியாயமான கேள்விதான். ஆனால், தாமிரபரணிக்காரர் கேட்கலாமா? கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு. மேலே இருப்பவன் மடையை அகலத் திறந்தால் திருட்டாகத் தெரியாது. அவனும் தீர்வை கட்டியவன்தான். கடைமடையில் பயிர் கருகும்போதுதான் கணக்கு புரியும். துட்டு, எடுத்த அளவுக்குத்தான். அடுத்தவன் முறையில் எடுப்பதற்கு அல்ல. அதற்காக, அம்மாவை வைத்துக்கொண்டு தவிப்பவரிடம் 'பொறுமை' என்று உபதேசிக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கூடுதல் லோடு கேட்டு மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவரை சார்ஜரில் ஆம்பியரைக் குறைத்து வைத்திருக்கிறார். தையல் மிஷின் நின்ற பிறகுதான் முழு வேகம். அவசரமென்றால்? அந்த அக்காவிடமே போய்ச் சொன்னாராம்.

"போடுங்க அண்ணாச்சி, நான் காலையில தச்சுக்கிடுதேன்."