ஒற்றரும் துறவியும்

கசார்வாடியில் நாம் குடியேறிய தொடக்க நாள்களில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் நம் ஊர்ப்பக்கத்துக் குடும்பமொன்று இருந்தது. அவர்தம் பூசல் வேண்டாமலே நம் செவியில் விழும். ஊருக்கு எழுதிய கடிதத்தில் அதைப்பற்றி இரண்டு வரி சேர்த்தோம். ஒன்று கேட்டது, மற்றொன்று நாமே ஊகித்தது. ஊகித்ததே ஊரெங்கும் பரவிற்று. அக்குடும்பம் நம்மிடம் சொல்லாமலே வீடு மாறிப் போயிற்று. பிறர் மறைவை அறிதல் குற்றமா, அறிந்ததைச் சொல்லுதல் குற்றமா என்னும் வினா அன்றுமுதல் நம்மை விட்டபாடில்லை.

இவ்வினாவோடு நெடுங்காலம் வாழ்ந்தவர் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம். 1874இல் பாரிசில் பிறந்து, மருத்துவம் பயின்று, எழுத்தை மேற்கொண்ட அவர், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசின் ஒற்றராய்ச் சுவிட்சர்லாந்தில் பணிபுரிந்தார். எழுத்தாளர் என்பதே அவருக்குப் போர்வை! 1917இல் ரஷ்யாவுக்கும் அனுப்பப்பட்டார். அவ்வனுபவம் 1928இல் ‘ஆஷெண்டன்’ என்னும் நூலாயிற்று. அதில் வீரசாகசம் குறைவு. காத்திருப்பும் சலிப்பும் மிகுதி. ஆள் மாறிக் கொல்லப்படும் அப்பாவியும் உண்டு. நாட்டுக்காக ஒற்றாடியதை உலகம் பொறுத்தது. கதைக்காக ஒற்றாடியபோதோ, 1930இல் வந்த ‘கேக்ஸ் அண்ட் ஏல்’ நாவலில் தம்மையே கண்டுகொண்ட நண்பர் ஹியூ வால்போல் மனம் நொந்தார்.

ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒற்றன் துறவி வேடம் பூண்டும் செல்வான் என்கிறார். அவன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராய்க என்றும் பணிக்கிறார். முன்னாள் ஒற்றரான மாமோ, 1938இல் மெய்த்துறவி ஒருவரைக் காணத் திருவண்ணாமலைக்கு வந்தார். ரமணரைக் காணுமுன்னரே மயங்கி விழுந்தார். அவர் இருந்த அறைக்கே ரமணர் வந்து, பேசாது அமர்ந்திருந்தார். வினவும் நிலையில் வந்தவரும் இல்லை. 1944இல் வெளிவந்த ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலின் துறவிக்கு அச்சந்திப்பே வித்து.

அம்மயக்கம் சமாதி நிலையே என்று பின்னர்ப் பேச்சு எழுந்தது. மாம் அதை ஏற்கவில்லை. அத்தகைய மயக்கம் தமக்கு முன்னும் பின்னும் வந்ததுண்டு என்று 1958இல் நூலாக வந்த கட்டுரையில் எழுதினார். புகழ் சேர்க்கும் ஊகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கண்டதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. வால்போலை வருத்தியவரை நாம் மன்னித்தோமல்லோம், இவரை வணங்குகிறோம். இருவரும் ஒருவரே என்பதுதான் இடர்!

அக்குடும்பம் இப்போது பிம்பிரிப் பக்கம் இருப்பதாகக் கேள்வி. நாம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.