யோகாசனமும் யேசுவின் சீடரும்



ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். காலையில் பிரட்டுக்குப் போனவள், நாள் முழுதும் கூடை சுமந்து, முதுகு நிமிர முடியாமல் லயத்துக்குத் திரும்புகிறாள். ஆசனம் பழகிவந்த மகள், "அம்மா, இப்படி உட்காந்து மூச்ச மெதுவா இழுங்க" என்கிறாள். தாயோ சுவரிலுள்ள திரு இருதயப் படத்தைப் பார்க்கிறாள். "இது நம்ம வேதத்துக்கு அடுக்குமா?" என்று அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. விசுவாசத்தைக் காக்க விரும்பும் உள்ளத்தில் எழுந்த கேள்வி அது.

யோகத்துக்குப் பதஞ்சலி முனிவர் எட்டு அங்கங்களைச் சொன்னார். ஆசனம் மூன்றாவது, மூச்சை ஒழுங்காக்கும் பிராணாயாமம் நான்காவது. முதலாவதான இயமத்தில் கொல்லாமை, வாய்மை, களவாடாமை முதலியன அடங்கும். இவை தேவ கட்டளைகளுக்கு அந்நியமானவையா? இல்லை. ஆனால் முடிவு வேறு. அங்கே ஆன்மா சாதனையால் பற்றறுத்துத் தனித்து நிற்பது விடுதலை. இங்கே பிதாவின் அன்பில் பிள்ளைகளாய் இணைவதே மீட்பு. அது நாம் சம்பாதிப்பதன்று, அருளாய்ப் பெறுவது.

திருச்சபை என்ன சொல்கிறது? பிற மதங்களிலுள்ள உண்மையானதையும் புனிதமானதையும் அது ஒதுக்குவதில்லை என்று 2-ம் வத்திக்கான் சங்கம் 1965-ல் அறிக்கையிட்டது. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த திருச்சிராப்பள்ளிச் சீமையில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், 1950-லேயே மொன்சானின், லெ சோ என்ற பிரெஞ்சுக் குருக்கள் இருவர் சச்சிதானந்த ஆசிரமம் அமைத்து, காவியுடுத்தித் திரியேக தேவனைத் தியானித்தார்கள். 1989 ஒக்டோபர் 15-ல் கர்தினால் ராட்சிங்கர் கையொப்பமிட்டு ஆயர்களுக்கு அனுப்பிய மடல், உடலின் இருப்பும் மூச்சும் செபத்துக்குத் துணையாகலாம் என ஏற்றது. ஆனால் அவற்றால் வரும் இதமான உணர்வைப் பரிசுத்த ஆவியின் ஆறுதல் என்று மயங்கவேண்டாம் எனவும் எச்சரித்தது.

ஆகவே அம்மா, முதுகு நோவுக்கு அறிந்தவரிடம் கேட்டு ஆசனம் செய்யுங்கள், பாவமில்லை. எலியா தீர்க்கதரிசி முழங்கால்களுக்கிடையில் முகத்தை வைத்துக் குனிந்தார். நம் ஆண்டவர் முழந்தாளிட்டுச் செபித்தார். செபத்தில் உடலுக்கும் பங்குண்டு.

ஆனால் வேறு தெய்வத்தைத் துதிக்கும் மந்திரத்தை வாயால் சொல்லி, "மனதில் அப்படி இல்லை" என்பது நமக்கு நேர்மையாகாது. அதை மெய்யாகவே பக்தியோடு சொல்லும் பக்கத்து வீட்டுச் சைவ அன்பருக்கும் அது மரியாதையாகாது. நம்மைப் பார்த்து ஒரு எளிய விசுவாசி இடறினால், விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்குச் சொன்ன புத்தி நமக்கும்தான்: உரிமையைவிட அன்பு பெரிது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்தவர், அடுத்த காம்பராவில் காய்ச்சலாய்க் கிடப்பவரை எட்டிப் பாராவிட்டால், அந்த அமைதியால் யாருக்கு என்ன பயன்? செபமாலை சொல்லியும் எட்டிப் பாராதவருக்கும் இதே கேள்விதான்.

இன்றிரவு குடும்ப செபத்துக்கு முன் சற்று மௌனமாய் அமருங்கள். மூச்சைக் கவனியுங்கள். பிறகு, அந்த மூச்சைத் தந்தவரோடு பேசுங்கள்.