பேய் தீயதா?

ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் டென்னிஸ் வீட்லி (1897–1977) லண்டனில் மது வணிகக் குடும்பமொன்றில் பிறந்தவர். பொருளாதார மந்தத்தில் வணிகம் கைவிட்டுப் போன பிறகே எழுத வந்தார். 1933இல் முதல் நாவல் வெளியாயிற்று; மறு ஆண்டு வந்த ‘தி டெவில் ரைட்ஸ் அவுட்’ சாத்தான் கதைகளுக்கென்று அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. மாந்திரீகத்தில் இறங்கிவிட வேண்டாம் என்று வாசகரை எச்சரிக்கும் குறிப்பை அதன் முகப்பில் அவரே வைத்தார்; விற்பனைக்கும் அது உதவியிருக்கும். இரண்டாம் உலகப் போரில் எதிரியை ஏமாற்றும் திட்டங்களை வகுத்த குழுவில் பணியாற்றினார். அவருடைய கதைகளிலும் ஒளியும் இருளும் இரண்டு படைகளே. அச்சுறுத்துவது தீயது, அதை விரட்டுவது அறம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் இந்தக் கணக்கு பொய்த்துவிடுகிறது. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, தப்பியோடிய போர்த்துகீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் என்பது ஊர்க்கதை. அடிமைகள் இருந்தது வரலாறு, புதையல் வாய்மொழி. அப்படிக் கொல்லப்பட்டவனின் ஆவியே காப்பிரி முத்தப்பன். மங்காட்டுமுக்கில் மதிலோரச் சிறு மேடைதான் அவன் கோயில். மெழுகுவத்தி ஏற்றி, கள்ளும் சுருட்டும் இறைச்சியும் படைக்கிறார்கள். வருகிறவர்கள் ஒரே மதத்தினர் அல்லர்.

இக்கதையில் தீமை பேயிடம் இல்லை, எசமானிடம் இருக்கிறது. அதைவிட உறுத்துவது வேறொன்று: கொன்றவனின் கட்டளையைச் செத்த பிறகும் அடிமை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான். நெல்லைச் சீமையின் முத்துப்பட்டனும் கொலையுண்டு தெய்வமானவன்தான். ஆனால் ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்டவன் அவன். களத்தை அவனே தேர்ந்தான். காப்பிரிக்கு அந்தத் தேர்வு இருக்கவில்லை. காப்பிரி என்பது ஆப்பிரிக்கரைக் குறிக்கும் பொதுச்சொல்; அவனது சொந்தப் பெயரும் வழிபாட்டில் இல்லை.

எனில், இந்த வழிபாடு பழைய பாவத்துக்குக் கழுவாயா, பழைய வேலையின் தொடர்ச்சியா? கழுவாய் என்று சொல்லத் தோன்றும். வேண்டுதல்களோ மற்றதன் பக்கம் நிற்கின்றன: தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும், துணை வேண்டும், முடிந்தால் புதையலும் வேண்டும். காவல்காரனிடம் கேட்பவைதான் இவை. படையல் மட்டும் இந்த வாதத்துக்கு முழுதாக இணங்குவதில்லை. கள்ளும் சுருட்டும் எந்த ஆகமமும் எந்தத் திருச்சபையும் விதித்தவை அல்ல. நாளெல்லாம் உழைத்த ஆள் அந்தியில் தேடக்கூடியவை. விருப்பு வெறுப்பு உள்ள ஒருவனுக்கே அவற்றை வைக்க முடியும். எசமான் அவனை அப்படி எண்ணியிருந்தால் புதைத்திருக்க மாட்டான்.