முடிந்த வழக்கும் முடியாத நீதியும்

நீதிமன்றம் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டால், அத்துடன் அது முடிந்துவிட்டதா? சட்டம் பெரும்பாலும் ஆம் என்றே விடையிறுக்கும். அவ்விடையை இரக்கமற்றது என எளிதில் ஒதுக்கிவிட இயலாது. முடிவே இல்லாத வழக்கு எவருக்கும் நீதி வழங்குவதில்லை. வென்றவனை வாழ்நாள் முழுவதும் நீதிமன்ற வாயிலில் நிறுத்திவைப்பதும் ஓர் அநீதியே. செல்வர் எளியோரை அலைக்கழித்தே தோற்கடிப்பதற்கும் அது வழிகோலும். எனவே தீர்ப்பின் இறுதித்தன்மை எளியோருக்கும் அரணாகின்றது. ஆயினும் அது எவரைக் கட்டுப்படுத்துகின்றது, எந்த நியாயத்தால் கட்டுப்படுத்துகின்றது என்பன ஒழுக்கவியல் நோக்கில் ஆராயத்தக்க வினாக்களாகும்.

மாவடிப்பள்ளியில் வெள்ளாமை செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் வாங்கித் தெளித்த களைநாசினி களையோடு பயிரையும் கருக்கிவிடுகின்றது. உற்பத்தியாளர்மீது கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் அவர் நட்டஈடு கோருகின்றார். விசாரணை நாளன்று மாரி வெள்ளம் வீதியை மூடிவிடுகின்றது; அவரால் சமுகமளிக்க முடியவில்லை; வழக்குத் தள்ளுபடியாகின்றது. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 87ஆம் பிரிவு, அதே காரணத்தின்மீது அவர் புதிய வழக்குத் தொடுப்பதைத் தடுக்கின்றது. எனினும், நியாயமான காலத்துள் மனுவையும் சத்தியக்கடதாசியையும் சமர்ப்பித்து, வராமைக்குத் தகுந்த காரணத்தை நிறுவினால், எதிராளிக்கும் அறிவித்தல் கொடுத்து விசாரித்தபின் தள்ளுபடியை நீக்குவதற்கு அதே பிரிவு இடமளிக்கின்றது. பேச வாய்ப்புக் கிட்டாத ஒருவரைப் பேசித் தோற்றவராகக் கொள்ளலாகாது என்பதே இவ்விதியின் உட்கருத்து.

வெள்ளத்தைக் காரணமாகக் காட்டுதல் எளிது. அதனை ஊரே கண்டிருக்கும். வழக்கு முடிந்த வேளையில் உடலில் வெளிப்படாதிருந்த தீங்கை எவ்வாறு காட்டுவது? வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காடுகளை அழிக்கத் தெளித்த ‘ஏஜென்ட் ஒரேஞ்ச்’ இரு களைநாசினிகளின் கலவையாகும். அவற்றுள் ஒன்று உற்பத்தியின்போதே டயொக்சின் என்னும் நஞ்சினால் மாசுற்றிருந்தது. உற்பத்தி நிறுவனங்கள்மீது முன்னாள் படைவீரர் தொடுத்த கூட்டு வழக்கு 1984 மே 7ஆம் நாள் 18 கோடி டொலர் இணக்கத்துடன் முடிவுற்றது. அவ்விணக்கத்தின் கீழ் 1994 இறுதிவரை நேர்ந்த இறப்புக்கும் இயலாமைக்குமே கொடுப்பனவு கிடைத்தது. 1998இல் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒருவர் நீதிமன்றத்தை நாடியபோது, 1984இன் இணக்கம் அவரையும் கட்டுப்படுத்தும் எனக் கூறி வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தள்ளுபடியை நீக்கியது. நோய் பின்னர் வெளிப்படக்கூடியோரின் நலன் அவ்விணக்கத்தில் போதியவாறு பிரதிநிதித்துவம் பெறவில்லை என்பதே அது கூறிய காரணம். 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர்கள் நால்வருக்கு நால்வராகப் பிரிந்ததால் அம்முடிவு நிலைத்தது.

உற்பத்தியாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. பணம் செலுத்தி அமைதியைப் பெற்றபின் மீண்டும் வழக்கா என அவர் வினவலாம். அவர் பெற்ற அமைதி, உடன்பட்டோரிடமிருந்தும் உரியவாறு பிரதிநிதித்துவம் பெற்றோரிடமிருந்தும் பெற்றதாகும். எவரும் தம் பொருட்டுப் பேசாதிருந்தோரின் மௌனத்தை அவர் விலைக்கு வாங்கியதாகக் கொள்ள முடியாது. அவ்வாறே, வழக்கைத் திறப்பது வேறு, வெல்வது வேறு. அரசின் ஆணைப்படி உற்பத்தி செய்தோருக்குரிய சட்டப் பாதுகாப்பின் கீழ் இத்தகைய வழக்குகள் பின்னர் மீண்டும் தள்ளுபடியாயின. 2008இல் மேன்முறையீட்டிலும் அம்முடிவு உறுதியாயிற்று. எனினும் அத்தோல்வி, வாதம் கேட்கப்பட்டபின் நேர்ந்த தோல்வி.

இச்சிந்தனை எமது மரபுக்குப் புதியதன்று. கலீபா உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வழங்கிவரும் கடிதம், நேற்றைய தீர்ப்பு இன்று உண்மையின்பால் திரும்புவதற்குத் தடையாகக் கூடாது என அறிவுறுத்துகின்றது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் வேண்டியதும் மீள்விசாரணையே. கண்ணீரோடு சான்றையும் அவள் கொண்டுசென்றாள். சிலம்பினுள் இருந்த மாணிக்கம் வழக்கைத் தீர்த்தது. கோவலனைக் கேளாமலே தண்டித்தது மன்னனின் பிழை. கண்ணகியைக் கேட்டதும் தன் பிழையை ஏற்றதும் அவனது பெருமை. ஆனால் அதற்குள் கோவலனின் உயிர் போய்விட்டது. மீள்விசாரணைக்கும் காலம் உண்டு என்பதை இதனினும் கடுமையாக உணர்த்த இயலாது.

ஆகவே மனத்தாங்கல் மட்டும் வழக்கைத் திறக்கப் போதாது. முன்னரே சொல்லக்கூடியதைச் சொல்லாதிருந்த அசட்டையும் போதாது. முன்பு கேட்கப்படவில்லை என்பதையோ, முயன்றும் அன்று பெறமுடியாத சான்று இன்று கிடைத்துள்ளது என்பதையோ மனுதாரர் நிறுவுதல் வேண்டும். அதனை நிறுவியவருக்கும் கதவடைக்கும் நீதிமன்றம் தீர்ப்பின் இறுதித்தன்மையைக் காப்பதாக எண்ணலாம். ஆனால் அவ்விறுதித்தன்மையை மக்கள் ஏற்பதற்கு அடிப்படையான நம்பிக்கையையே அது இழக்கின்றது.